உள்ளான்குளம் மூலத்தாளில் ஒரு வாத்து

காலை ஏழே கால் மணிக்குச் செண்பகவடிவின் வீடு எழுந்து நின்றது.

அவள் அப்போதுதான் அடுப்பில் பால் வைத்திருந்தாள். "ஒரு நிமிசம் பொறுக்கப்படாதா?" என்று சுவரைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "நேற்று மாலையே அறிவித்தேன். நீங்கள் தொடர் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்" என்றது சுவர். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. வீடு தன் எட்டுக் கால்களையும் மண்ணிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு, எதிர்வீட்டுக்காரர் துவைத்துக் காயப்போட்டிருந்த வேட்டியை மிதிக்காமல், நிதானமாக நானூறு அடி நடந்துபோய் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தது. பழைய இடத்தில் இனி வாய்க்கால் ஓடும். மூலத்தாளில் அங்கே ஒரு நீலக்கோடு இருந்தது. அந்தக் கோட்டை முந்தின நாள் காலையில் ஊரறிய வாசித்தவளே செண்பகவடிவுதான் என்பதால் அவளால் யாரையும் திட்ட முடியவில்லை.

உள்ளான்குளத்தில் அவள்தான் தாள்காப்பாளர். அந்தக் காலத்தில் இதெல்லாம் கௌரவமான வேலை. நூறு வருடங்களுக்கு முன், பெருவெள்ளங்கள் வடிந்த பிறகு, எது குளம், எது தெரு, எது யாருடையது என்பதில் நாடு முழுக்க அடிதடி நடந்தது. கணினிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரே ஏரிக்கு ஒன்பது பதிவு, ஒன்பதும் ஒன்பது விதம். கணினியில் திருத்தினால் தழும்பு இருக்காது, காகிதத்தில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு வட்டாரத்திலும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய நிலவரைபடத் தாள் எதுவோ அதுவே மூலத்தாள், அதில் உள்ளபடியே நிலம் திரும்பியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. நிறைவேற்றும் பொறுப்பை இயந்திரங்களிடம் கொடுத்தார்கள். மனிதர்களிடம் ஏன் கொடுக்கவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆயிரக்கணக்கான ஏரிகள் திரும்பி வந்தன. மாநகரங்களே எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தன. கால்வீடுகள் பழகிப்போய், ஓரிடத்தில் நிற்கும் வீட்டைப் பார்த்தால் பிள்ளைகள் அதற்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கும் நிலை வந்தது. உள்ளான்குளத்துக்குத்தான் விதி வேறு மாதிரி வாய்த்தது.

அந்த ஊரின் பழைய தாள்கள் எல்லாம் கரையானுக்குப் போய்விட்டன. மிஞ்சியது இருநூறு வருடத்துத் தாள் ஒன்று. அதற்குள் குளத்தை மூடி, மனை பிரித்து, நட்டநடுவில் பேருந்து நிலையமும் கட்டியிருந்தார்கள். தாளில் அது கறுப்புக் கட்டமாகத் துல்லியமாக இருந்தது. பிறகு வந்த பெருவெள்ளத்தில் மனைகளும் பேருந்து நிலையமும் முழுகின. பள்ளமான இடம் என்பதால் தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. நாட்டுக்கருவேலம் முளைத்தது. மறுவருடம் நாரை வந்தது. அதற்கடுத்த வருடம் கூழைக்கடா வந்தது. இன்றைக்கு அங்கே இரண்டாயிரத்து முந்நூறு கூடுகள். மூலத்தாளின்படி அத்தனையும் ஆக்கிரமிப்பு.

சட்டம் வந்த நாளிலிருந்து நிலமீட்பு வாரியம் வரிசைப்படி ஊர் ஊராகத் திருத்திக்கொண்டு வந்தது. இப்போது உள்ளான்குளத்தின் முறை. இன்னும் ஒன்பது நாளில் தண்ணீரை இறைத்துவிட்டுப் பதினான்கு நடைமேடைகளோடு பேருந்து நிலையம் கட்டுவதாக ஆணை வந்துவிட்டது. நாட்டில் பேருந்து ஓடி நூற்றுப்பத்து வருடம் ஆகிறது.

செண்பகவடிவு தினமும் அந்தத் தண்ணீரைத் தோணியில் கடந்துதான் அலுவலகம் போவாள். வழியில் ஒரு கருவேலத்தில் கூழைக்கடாக் குஞ்சுகள் தாயின் வாய்ப்பைக்குள் கழுத்துவரை தலையை விட்டு மீன் தேடும். தாய் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்திருக்கும். அதைப் பார்க்காவிட்டால் அவளுக்கு அன்றைய பொழுது விடிந்த மாதிரியே இருக்காது. குஞ்சுகளுக்கு இறகு முளைத்துப் பறக்க இன்னும் ஏழு வாரம் வேண்டும். தண்ணீர் போனால் மீன் போகும், மீன் போனால் பெரிய பறவைகள் போகும், குஞ்சுகள் கூட்டிலேயே காய்ந்து சாகும். ஆணையைப் படித்த அன்று அவள் தோணியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்ததும் நேராக நிலமீட்பு அலுவலரிடம் போனாள். அது இடுப்புயர இயந்திரம். பழைய காலத்து மாவரைக்கும் கிரைண்டரைப் பச்சைத் துண்டு போர்த்தி நிறுத்திய மாதிரி இருக்கும். ஊரார் அதை மீட்பையா என்று கூப்பிட்டார்கள்.

"ஐயா, அது குளமுங்க. ஊர்ப் பேர்லயே குளம் இருக்குல்லா?"

"பெயர்கள் சான்றாகா" என்றது மீட்பையா. "அவற்றைச் சான்றாகக் கொண்டால் புலியூருக்கெல்லாம் நான் புலி கொண்டுவர வேண்டியிருக்கும்."

"பஸ்ஸே இல்லாத ஊருக்குப் பஸ் ஸ்டாண்டு எதுக்குங்கய்யா?"

"தாளில் பேருந்து நிலையம் இருக்கிறது. பேருந்து இல்லை. ஆகவே நிலையம் வரும், பேருந்து வராது."

"ஏழு வாரம் மட்டும் பொறுங்க. குஞ்சு பறந்துரட்டும்."

"தாளில் குஞ்சுகளும் இல்லை" என்றது மீட்பையா. குரலில் வருத்தம் மாதிரி ஏதோ இருந்தது. போன வருடம்தான் அதற்கு வருத்தம் பொருத்தியிருந்தார்கள். "தாளில் குளம் இருந்திருந்தால் நானே காவல் நின்றிருப்பேன், அம்மா."

அந்த ஒரு வாக்கியம் செண்பகவடிவின் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நாலு நாள் அதை விரட்டிப் பார்த்தாள். மூலத்தாளைத் திருத்தினால் பதினைந்து வருடம் செவ்வாயில் கல் பொறுக்க வேண்டும் என்று அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவளே அவள்தான். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊரே படுத்துக் கிடந்த வேளையில் தாளை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் அவளும் நாத்தனார் கோமதியும்தான். கணவன் ஆவுடையப்பன் நிலாத் தளத்தில் குழாய் பழுது பார்ப்பவன். அமாவாசைக்கு அமாவாசை வருவான். கோமதி தோலோவியக்காரி. தோலுக்கடியில் பூவும் மீனும் வரைவாள். உடம்பின் சூட்டுக்கு அவை அசையும், நீந்தும். சுற்றுவட்டாரத்தில் அவள் கைபட்ட முதுகுகள் ஏராளம்.

விஷயத்தைக் கேட்டதும் கோமதி எழுந்து கதவைச் சாத்தினாள்.

"மதினி, வெளையாட்டுக்குத்தானே சொல்லுதீங்க?"

"இல்லட்டி."

"புடிச்சாம்னா ரெண்டு பேருக்கும் செவ்வாயிதான். அங்கன கல்லத் தவிர ஒண்ணும் கெடையாதாம். எங்கண்ணன் வந்து கேட்டா என்ன சொல்ல?"

"உங்கண்ணனுக்குச் சோறு வீடே பொங்கிப் போடும். ஏட்டி கோமதி, அந்தக் குஞ்சுவளுக்கு வாய் இருந்தா அதுவளே வந்து கேக்கும். நமக்கு இருக்குல்லா. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா தண்ணியெறைக்கத நின்னு பாத்துக்கிட்டிருக்க என்னால ஆவாது."

கோமதி கதவுத் தாழ்ப்பாளையும் போட்டாள். பிறகு தன் ஊசிப்பெட்டியைத் திறந்தாள்.

தாளில் எழுதினால் மட்டும் போதாது. முதலில் இருப்பதைச் சுரண்ட வேண்டும். கோமதி பிளேடால் கறுப்புக் கட்டத்தைச் சுரண்டினாள். காகிதம் அந்த இடத்தில் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்துபோனது. மனைக் கோடுகளைச் சுரண்டியதில் ஓரிடத்தில் ஓட்டையே விழுந்தது. நீல மையை எடுத்துக் குளத்தின் கரையை வளைத்து உள்ளே நிரப்பினாள். வேலையில் முழுகிவிட்டால் அவளுக்கு உலகம் தெரியாது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது செண்பகவடிவு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, இது என்ன?"

குளத்தின் கீழ்க்கரையில் ஒரு வாத்து இருந்தது. கொண்டையும் வாலுமாக, அம்சமான வாத்து.

"ஐயோ மதினி! கை பழக்கம். தண்ணி வரைஞ்சா வாத்துப் போடாம என் கை நிக்காது."

"மேப்புல வாத்துப் போடுவாங்களாட்டி?"

"சுரண்டிரட்டா?"

சுரண்டினால் அங்கேயும் ஓட்டை விழும். வேறு தாளும் கிடையாது. இருவரும் அந்த வாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் சிரித்தது யார் என்று பிறகு அவர்களுக்கே நினைவில்லை. வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அப்புறம் இரண்டு பேருக்கும் நிஜமாகவே பயம் வந்தது.

ஒவ்வொரு வேலையும் தொடங்குவதற்கு முந்திய காலையில் தாள் பார்க்கும் சடங்கு நடக்கும். எல்லா ஊரிலும் வழக்கம் ஒன்றுதான். பந்தல் போட்டு, கற்கண்டு கொடுத்து, ஊரைக் கூட்டுவார்கள். தாள்காப்பாளர் வெள்ளைக் கையுறை போட்டுத் தாளை விரித்து, அதிலுள்ள குறிகளை ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "கண்டோம்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அது உறுதியாயிற்று. உள்ளான்குளத்துப் பந்தலுக்குப் பக்கத்து ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்களோடு அந்த ஊர்த் தாள்காப்பாளர் வண்டிமலைச்சியும் வந்திருந்தாள். அவளுடைய ஊரிலும் ஒரு சதுப்பு இருந்தது. அதன்மேல் அடுத்த மாதம் ஒரு வணிக வளாகம் எழும்ப வேண்டியிருந்தது.

முன்வரிசையில் ஊராட்சித் தலைவர் மாசானமுத்து பட்டுவேட்டியில் இருந்தார். பேருந்து நிலையத்துக்குத் தன் அப்பா பெயரை வைக்க எழுதிக் கொடுத்து, பெயர்ப்பலகைகூடச் செய்து வைத்துவிட்டார்.

செண்பகவடிவு வாசிக்கத் தொடங்கினாள். "வடமேற்கில் பனங்கூட்டம்!"

"கண்டோம்!"

"கிழக்கே கல் பாலம்!"

"கண்டோம்!"

"தெற்கே சுடுகாட்டுப் பாதை!"

"கண்டோம்!"

அவள் கையுறையைச் சரிசெய்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு, "நடுவில் குளம்!" என்றாள்.

"கண்டோம்!" என்றது கூட்டம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாசானமுத்து துள்ளி எழுந்தார். "என்னது குளமா? நேத்து வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல்லா இருந்துச்சு! ஏம்மா, தாளக் காட்டு!"

மீட்பையா உருண்டு வந்தது. அதன் கண் தாளின் மேல் குனிந்தது. பந்தலில் கற்கண்டு கடிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது.

"இங்கே காகிதம் சுரண்டப்பட்டிருக்கிறது" என்றது. "இங்கே ஓர் ஓட்டை. மை காய்ந்து நான்கு நாள் ஆகிறது. தோலோவியத்துக்குப் பயன்படும் மை." கண்ணை இன்னும் தாழ்த்தியது. "இது என்ன குறி? என் பட்டியலில் இல்லை."

"வாத்துங்கய்யா" என்றாள் செண்பகவடிவு.

"இந்தத் தாளின் அளவுப்படி அதன் நீளம் நானூறு மீட்டர்."

அந்த நேரம் பார்த்துப் பந்தல் ஓட்டை வழியாக வெயில் தாளில் விழுந்தது. சூடு பட்டதும் வாத்து வாலை ஆட்டிவிட்டுக் கீழ்க்கரையிலிருந்து மேற்கு நோக்கி நீந்தத் தொடங்கியது. கோமதி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"குறி இடம் மாறுகிறது" என்று மீட்பையா பதிவு செய்துகொண்டது. பிறகு கேட்டது: "இதைச் செய்தவர் யார்?"

ஓடிவிடலாம் என்றுதான் செண்பகவடிவுக்கு முதலில் தோன்றியது. ஆனால் பந்தலுக்கு அப்பால் கருவேலங்களிலிருந்து குஞ்சுகளின் கத்தல் கேட்டது. பசி வேளை.

"நாந்தாங்கய்யா. பறக்கத் தெரியாத குஞ்சுவ கெடக்கு. எனக்கு வேற வழி தெரியல."

"பாத்தியளா, பாத்தியளா!" என்று மாசானமுத்து கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "மோசடி! புடிச்சு அனுப்புங்கய்யா செவ்வாய்க்கு!"

"பொறுங்கள்" என்றது மீட்பையா. "சட்டப்படி மோசடி என்றால், தனக்கோ தன் உறவினருக்கோ ஆதாயம் தேடிச் செய்த திருத்தம். ஆதாயத்தைக் கண்டுபிடித்த பிறகே தண்டனை எழுத முடியும். இதோ கண்டுபிடிக்கிறேன்."

தேடத் தொடங்கியது. செண்பகவடிவுக்குக் கரையில் நிலம் இருக்கிறதா? இல்லை. மீன் குத்தகை? இல்லை. நான்காம் தலைமுறை உறவு வரை யாருக்காவது படகுத் தொழில், தண்ணீர் வியாபாரம், கரையோரத்தில் தங்கும் விடுதி? இல்லை. அடுத்த தேர்தலில் நிற்கிறாளா? பறவைகளோடு நின்று படம் எடுத்து எங்காவது போட்டிருக்கிறாளா? அதுவும் இல்லை. இந்தக் குளத்தால் அவள் தினமும் அலுவலகத்துக்குத் தோணி தள்ளிப் போக வேண்டியிருக்கிறது என்ற ஒரே தகவல்தான் கிடைத்தது. பதினொரு நிமிடம் ஆயிற்று. ஓர் இயந்திரத்துக்கு அது ஒரு யுகம். அதன் பச்சைத் துண்டுக்குள்ளிருந்து லேசாகப் புகை வந்தது.

மாசானமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "நல்லாத் தேடுங்கய்யா! ஆதாயம் இல்லாம எந்த மனுசன் தாளத் திருத்துவான்? நீங்களே சொல்லுங்க!"

"அதுவேதான் என் முடிவும்" என்றது மீட்பையா, நிம்மதியோடு. "தலைவர் சரியாகச் சொன்னார். இதுவரை நாற்பத்தோராயிரத்து அறுநூறு பழைய தாள்களைப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் சுரண்டியவை. எல்லாவற்றிலும் குளத்தைச் சுரண்டி மனை போட்டிருக்கிறார்கள். வாய்க்காலைச் சுரண்டிச் சாலை போட்டிருக்கிறார்கள். மனையைச் சுரண்டிக் குளம் போட்ட மனிதர் ஒருவர்கூட இல்லை. ஆதாயம் இல்லாமல் மனிதர்கள் திருத்த மாட்டார்கள். இங்கே ஆதாயம் இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் இங்கே திருத்தம் எதுவும் நடக்கவில்லை. நடுவில் இருப்பது குளம். ஊரும் கண்டோம் என்று சொல்லியாயிற்று. நாளை முதல் நான் காவல் நிற்கிறேன்."

பந்தலின் பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். கோமதி ஓடிவந்து மதினியைக் கட்டிக்கொண்டாள். செண்பகவடிவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே நெஞ்சில் எங்கோ சுருக்கென்றும் இருந்தது. ஓர் இயந்திரம் அவளுடைய முன்னோர்கள் அத்தனை பேரையும் பந்தலில் வைத்து மரியாதையாக அவமானப்படுத்தியிருக்கிறது. எல்லாம் உண்மை என்பதுதான் அதில் கஷ்டம்.

"ஒரே ஒரு கேள்வி" என்றது மீட்பையா, கையெழுத்துக்குப் படிவத்தை நீட்டியபடி. "சட்டம் எழுதியவர்கள் உங்களைப்போல் ஒருவரை எதிர்பார்க்கவில்லை. இப்படி இன்னொருவர் செய்ய வாய்ப்பு இருக்குமானால் அதைத் தடுக்கப் புதிய பிரிவு ஒன்று சேர்க்க வேண்டும். நீங்கள் மனிதர்; உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு லாபமும் இல்லாமல், வெறும் பறவைக்காகவும் தண்ணீருக்காகவும் செவ்வாய்க்குப் போகத் துணிகிற ஆட்கள் வேறு யாராவது உண்டா?"

செண்பகவடிவு நிமிர்ந்து பார்த்தாள். மீட்பையாவுக்குப் பின்னால், பந்தல்காலை ஒட்டி, வண்டிமலைச்சி கோமதியைத் தனியே இழுத்து வைத்துக்கொண்டு, நீல மை இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று காதில் கேட்டுக்கொண்டிருந்தாள். கோமதி ஒரு புட்டி நிறைய இருப்பதாகக் கையால் காட்டிக்கொண்டிருந்தாள்.

"சேச்சே!" என்றாள் செண்பகவடிவு, படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "மனுசங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்கய்யா."

மீட்பையா அதைச் சரிபார்க்கக்கூட இல்லை. அப்படியே எழுதிக்கொண்டது.